எட்டு டொலர் இருபது

தை மாதத்துப் பகல், நாற்பத்தொரு பாகை.
பெண்டில் ஹில் முழுக்க அடுப்பில் மறந்துவிட்ட தாச்சி.
இந்த வெக்கையில் நான் அடுப்பை மூட்டி
சீனி உருக்கிக்கொண்டிருக்கிறேன்.
ஆரும் கண்டால் விசரி என்பார்கள்.

கணக்கு இதுதான்.
உப்புக் கரமல் ஐஸ் கோப்பி, பெரியது,
எட்டு டொலர் இருபது சதம். கிழமைக்கு ஐந்து.
குகதாசன் பாண் தொழிற்சாலைச் சம்பளத் துண்டின் முதுகில்
பெருக்கிப் பார்த்தார்.
பேனையை மூடினார், திறந்தார், மறுபடி பெருக்கினார்.
நாற்பத்தொன்று.
வெயிலும் அதே எண்ணில் நின்றது.

ஓவர்டைம் நின்ற மாதம் அது.
'இனி வீட்டிலேயே போடுவம்' என்றேன்
ஏதோ பெரிய வித்தைக்காரி போல.

முதல் நாள்
கொதிக்கக் கொதிக்க ஐஸ்கட்டிமேல் ஊற்றினேன்.
கட்டிகள் படபடவென வெடித்துச் செத்தன.
மிஞ்சியது ஒரு கிளாஸ் மண்ணிறத் தண்ணீர்.
'காய்ச்சலுக்குக் குடிக்கலாம்' என்றார்.

இரண்டாம் நாள் சீனி அடியில் மணலாய்க் கிடந்தது.
கரண்டிதான் கத்தியது, சீனி அசையவில்லை.
குளிரில் எதுவும் கரையாது,
சூட்டோடு சூடாய்க் கரைத்துவிட வேண்டும்,
சில கதைகளைப் போல
என்று எழுத வந்தேன். வேண்டாம்.
சீனி சீனிதான்.

பிறகு பிடிபட்டது.
இரவு ஒன்பதரைக்கு முதியோர் இல்லத்துக்குக் கிளம்புமுன்
தூளைப் பச்சைத் தண்ணீரில் போட்டு மூடிவைப்பேன்.
விடிய ஐந்துக்கு எழும்பி அவர் வடிப்பார்.
ஒரே வீட்டில் ஒரே போத்தலை
எட்டு மணித்தியால இடைவெளியில் தொடுகிற
இரண்டு கைகள்.
மிச்சக் கோப்பியை ஐஸ் தட்டில் உறையவைத்தேன்,
கரைந்தாலும் கோப்பியாகவே கரையட்டும் என்று.

சீனி முதலில் தேன் நிறம், பிறகு செம்பு,
அதற்கடுத்த நொடி கரி.
அந்த நொடிக்கு முன்னால் கிரீமை ஊற்று.
பாம்பு போலச் சீறும். கையை எடுக்காதே.
ஒரு சிட்டிகை உப்பு. இறக்கு.
நாலு தரம் கரித்தேன். ஒரு தாச்சி குப்பைக்குப் போனது.
அதை அவர் கணக்கில் சேர்த்தாரோ தெரியாது.

பத்தாம் நாள் சரிவந்தது.
கடைக்காரப் பெடியன் டைலன் தருகிற அதே ருசி,
சத்தியமாய், கொஞ்சம் கூடவே.

அவர் குசினியில் நின்றபடி
ஒரு கையில் சப்பாத்து, மறுகையில் கிளாஸ்,
நாலு மிடறில் முடித்தார்.
நான் வேலைச் சட்டையை மெஷினில் போட்டேன்.
'நல்லாயிருக்கு' என்றார் ஃபிரிட்ஜைப் பார்த்து.
கார்த் திறப்பை எடுத்தார். போய்விட்டார்.
ஆறு நிமிடம்.

எங்களிடம் ஒரு கார்தான்.
முன்பெல்லாம் நான் வேலை முடித்து
ஸ்டேஷனடிக் கடை வாசலில் அதை நிறுத்துவேன்.
அவர் நடந்து வந்து பக்கத்தில் ஏறுவார்.
ஒரு கோப்பி, இரண்டு ஸ்ட்ரோ,
ஆறு இருபதிலிருந்து ஆறு நாற்பது வரை.
பிறகு திறப்பு கைமாறும், நான் நடந்து வீட்டுக்கு.
டைலன் தந்த பில்லில்
கோப்பிக்கு எவ்வளவு, மிச்சத்துக்கு எவ்வளவு என்று
பிரித்துப் போட்டிருக்கவில்லை.

அடுத்த நாள் விடிய
வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்காமல் இருந்தேன்.
ஹோர்ன் அடித்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.
போன் எடுத்தேன்.
'கோப்பியைக் கொண்டு வெளியால வாங்கோ.'
'ஏன், கார் பழுதோ?'
'வாங்கோவன்.'

ஒரு சப்பாத்தின் கயிறு கட்டாமல் வந்தார்.
ஒரு கிளாஸ். இரண்டு ஸ்ட்ரோ.
நான் சொல்லவில்லை, அவராகவே.
கண்ணாடிகளை இறக்கினோம்.
குப்பை லொறி ஒவ்வொரு வாளியாய்த் தூக்கிக் கவிழ்த்துக்கொண்டு
தெருவின் கடைசிவரை போனது.

'கரமல் கொஞ்சம் கூடிப்போச்சு' என்றார்.
'இல்லை, உப்புத்தான் குறைவு' என்றேன்.
ஆறு நாற்பது வரைக்கும்
அதைப் பற்றியே கதைத்தோம்.