வெட்ட ஒரு வரி

சாயல்குடியில் இறங்கி மூக்கையூருக்கு மினிபஸ் மாறினேன்.
இருபத்தாறு வருடம் அவன் செய்திகள் வந்த தடத்தில்
நான் எதிர்த்திசையில் போவது இதுதான் முதல்தடவை.
மதுரை பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால்
ஆணியில் தொங்கியபடி வரும் பழுப்பு உறை.
பிரித்தால் மேசையெல்லாம் கருவாட்டு வாடை.
"யாகப்பன் வந்துட்டாரு" என்பான் ஆபீஸ் பையன்.
ஆள் வந்ததே இல்லை.

நான் துணையாசிரியன். வெட்டுவது வேலை.
அவன் பகுதிநேர நிருபன். சென்டிமீட்டர் கணக்கில் கூலி.
என் கத்திரிக்கோல் அவன் வீட்டு அரிசியில்தான் விழுந்தது.
அதைச் சொல்லிக்காட்டியது ஒரே முறை, டிரங்க் காலில்:
"அண்ணே, நேத்து என் சின்ன மகளோட
வலது செருப்பை வெட்டிட்டீங்க.
இடதை மட்டும் வாங்கியாந்திருக்கேன்."

வார நாட்களில்
நரிப்பையூருக்கு வராத தண்ணீர் லாரி,
ஏர்வாடிப் பக்கம் ஒதுங்கிய டால்பின்,
எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட நால்வர், படகு எண்ணோடு.
ஞாயிறு மட்டும் 'கணவாய்' என்று கையெழுத்திடுவான்.
"மையைக் கக்கிவிட்டுத் தப்பி ஓடும் பிழைப்பு
அதற்கும் எனக்கும்தான்."

புயலன்று வந்த உறையில் இருந்தது:
"கடல் அமைதியாக உள்ளது என்று கலெக்டர் ஆபீஸ் அறிவித்தது.
கடலுக்கு நகல் அனுப்பப்படவில்லை."
இரண்டாவது வாக்கியத்தை வெட்டினேன்.
ஜனங்கள் முதலாவதுக்கே சிரித்தார்கள்.

அவசரநிலை வந்தபோது சமையல் குறிப்பு அனுப்பினான்.
கணவாய் சுத்தம் செய்யும் முறை:
முதலில் முதுகில் இருக்கும் ஓட்டை உருவவும்.
பிறகு மைப்பையைக் கவனமாக அகற்றவும்.
இனி எந்தக் குழம்போடும் ஒத்துப்போகும்.
தணிக்கை அதிகாரி முத்திரை குத்தினார்.
உப்பு எவ்வளவு என்று மட்டும் கேட்டார்.

நடுவில் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை, 'நெத்திலி'.
நாலு பக்கம், நாலு வாரம்.
அச்சகக்காரர் கூலியாக நெத்திலியே வாங்கிக்கொண்டார்,
ஐந்தாம் வாரம் அவருக்கு வயிறு கெட்டது.

ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரு வரி
வேண்டாத இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்.
அதை அடித்தால் எனக்கும் நிம்மதி, மீதியைத் தொடமாட்டேன்.
அது பூனைக்குப் போடும் மீன்தலை என்று
பத்தாவது வருடத்தில்தான் ஒப்புக்கொண்டான்.
அதன்பிறகும் போட்டான்.
அதன்பிறகும் தின்றேன்.

கோயிலுக்குப் பின்னால், கச்சான் காற்றில்,
ஈரம் காயாத மணல்மேடு. அதற்குள் நண்டு வளை.
சலேத்தம்மாள் காபியோடு வந்தார்.
"எழுதுறப்ப சிரிக்கவே மாட்டாரு, சார்.
பல்வலிக்காரர் மாதிரி தாடையப் பிடிச்சிட்டு உக்காந்திருப்பாரு.
வெளியே ஒரே சிரிப்புன்னு ஊர்ல சொல்வாங்க."
பிறகு ஒரு பழுப்பு உறையைத் தந்தார்.
மேலே அவன் கையெழுத்து: மதுரை பஸ்.

'மூக்கையூர் யாகப்பன் (    ) காலமானார்.
பகுதிநேர நிருபர், முழுநேரக் கடன்காரர்.
இறந்ததை நம்பத்தகுந்த வட்டாரங்கள் உறுதி செய்கின்றன.
வார நாட்களில் இவர் எழுதியது உண்மை.
ஞாயிற்றுக்கிழமை எழுதியது நடந்தது.
அன்னாருக்கு மனைவியும் இரண்டு மகள்களும்
மதுரையில் ஒரு கத்திரிக்கோலும் உள்ளனர்.'

வயதை என்னையே நிரப்பச் சொல்லி
இடம் விட்டிருந்தான்.

திரும்பும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டு கிடைத்தது.
ஆணி அங்கேயே இருந்தது.
உடைமரக் காடு தாண்டும்வரை பேனா திறக்கவில்லை.
பிறகு ஐம்பத்தெட்டு என்று எழுதினேன்.
'உண்மை' இருக்கட்டும். 'நடந்தது' இருக்கட்டும்.
கடன்காரர்கூட இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசி வரி மட்டும் பத்திரிகை விதிக்கு ஒவ்வாது.
அவனுக்கும் அது தெரியும்.
வெட்டினேன்.

முள் இருந்தது.