புகார் பதிவாகியது

சிந்தாதிரிப்பேட்டை, குடிநீர் வாரியப் புகார்ப் பிரிவு.
பதினேழு வருடமாகக் காதில் ஹெட்போன்.
'உங்கள் புகார் பதிவாகியது' என்பேன்.
எதிர்முனையில் ஒரு பெருமூச்சு,
அப்புறம் டொக்.

மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி நான்கு.
டாக்டர் ரெஜினா சீட்டின் பின்புறம் வட்டம் போட்டார்.
'இது உங்க செல். சர்க்கரை வெளியே நிக்குது.
இன்சுலின் கதவைத் தட்டுது, தட்டிக்கிட்டே இருக்கு.
உள்ளே கொழுப்பு அடைஞ்சிருக்கு, சத்தம் எட்டல.'

எனக்கு அந்த டிசம்பர் ஞாபகம் வந்தது.
வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண்:
'இடுப்பு வரைக்கும் தண்ணிம்மா,
குடிக்க ஒரு சொட்டு இல்ல.'
பதிவு செய்தேன்.
இப்போது என் ரத்தம்
அவள் தெரு.

கொழுப்பு சும்மா கிடப்பதில்லையாம்.
புடவை மடிப்புக்கு மேலே பிதுங்கி உட்கார்ந்தபடி
மூளைக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்குமாம்:
போதும், போதும், இங்கே இடமில்லை.
லெப்டின் என்று பேர்.
கூப்பாடு கூடக் கூட மூளைக்குக் காது மந்தமாம்.

அதை எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.
வேலைக்குச் சேர்ந்த வருடம்
ஒவ்வொரு அழைப்புக்கும் வயிறு கலங்கும்.
இப்போது ஒருவர் அழும்போதே
இழுப்பறையில் முறுக்கைத் தேடுகிறது கை.

கிரெலின் என்று இன்னொன்று, பசியின் ஆள்.
தூக்கம் கெட்டால் அதற்குக் கொண்டாட்டம்.
நைட் டியூட்டியில்
அதன் லைன் மட்டும் ஒருநாளும் பிஸியாவதில்லை.

நேற்று ராத்திரி மூன்றே காலுக்கு
கொடுங்கையூரிலிருந்து ஒருவர். நாலு நாளாய் லாரி வரவில்லை.
வழக்கமான வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்தது.
விழுங்கிவிட்டு, 'வீட்டில் எத்தனை குடம் இருக்கு?' என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
'எதுக்கு? கேஸு கீஸு போடுவீங்களா?'
எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.
பிறகு எண்ணினார்: பிளாஸ்டிக் அஞ்சு, எவர்சில்வர் ரெண்டு,
அதில் ஒண்ணு ஓட்டை.

ஓட்டையையும் எழுதிக்கொண்டேன்.
லாரி போனதா, தெரியாது.

விடிந்ததும் பறக்கும் ரயில் பாலத்தின் கீழே
தள்ளுவண்டியில் ரெண்டு இட்லி,
பின்னாலேயே மெட்ஃபார்மின் ஐநூறு.
தட்டை நீட்டச் சொன்னது ஒரு குரல், பக்கத்திலேயே, கணீரென்று.
இன்னொன்று ரொம்பத் தூரத்திலிருந்து,
கொரகொரவென்று, பாதி அறுந்து.
என்ன சொல்கிறது என்று சரியாகக் கேட்கவில்லை.

லைனில் இருங்கள், என்றேன்.