பூஜ்ஜியம் ஏற்கப்படாது

ரோலாவில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
விசா, வாடகை ஒப்பந்தம், தொலைந்த பாஸ்போர்ட்டுக்குப் புகார்
எல்லாம் அடித்துத் தருகிற டைப்பிங் சென்டரில்
மூன்றாவது மேசை என்னுடையது.
பிறத்தியார் வாழ்க்கையைப் பெரிய எழுத்தில் நிரப்புகிறவள்.
அன்றைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
எங்களுடையதை நிரப்பினேன்.

சமூகக் கலைக்கு அரசு நிதி தருகிறதாம்.
உரிமம் உள்ள சங்கம் ஒன்று பெயரைக் கடன் கொடுத்தது.
கடைசி நாள். இரவு பன்னிரண்டு வரை.
சஜா தொழிற்பேட்டையிலிருந்து நஸ்ருதீன் வந்திருந்தான்,
காலணியில் சிமென்ட் காயாமல்.
கூடவே உக்கிரபாண்டி, தங்கமுனி,
ஒப்பனை போடுகிற திருகோணமலை டிலுக்ஷி.

குழுவின் நோக்கம், நூறு சொற்களுக்குள்.
"சும்மா இருக்க முடியல, அதான்" என்றான் உக்கிரபாண்டி.
அதை நூறு சொல்லாக்க அரைமணி நேரம் பிடித்தது.

பயனாளிகள் எத்தனை பேர்?
போன முறை நாற்காலி இருநூற்றுப் பன்னிரண்டு.
நின்றவர்களை எண்ணவில்லை.
எதிர் பிளாக் மூன்றாம் மாடியில்
ஈரச் சட்டைகளை விலக்கிக்கொண்டு பார்த்தவனைப்
பயனாளி என்பதா
தூக்கம் கெட்டவன் என்பதா?

ஒட்டுப்பலகை, துணி, ஜெனரேட்டருக்கு டீசல்,
பேருந்து நாலு நடை.
கலைஞர் ஊதியம் என்கிற கட்டத்தில்
வழக்கம்போல் பூஜ்ஜியம் போட்டேன்.
கட்டம் சிவந்தது.
பூஜ்ஜியம் ஏற்கப்படாது.

திரும்பப் போட்டேன். திரும்பச் சிவந்தது.
"ஒண்ணு போடு" என்றான் நஸ்ருதீன்.
ஆளுக்கு ஒரு திர்ஹம்.
உடனே பச்சையானது.
அந்தப் பச்சைதான் தங்கமுனிக்குப் பிடிக்கவில்லை.
"ஓவர்டைம் கணக்குல போடுங்க" என்றான்.

மணிக்கு ஏழரை திர்ஹம். ஒத்திகை நாற்பத்தாறு மணி நேரம்.
ஆளுக்கு முந்நூற்று நாற்பத்தைந்து.
பதினொரு பேருக்குப் பெருக்கி முடித்தபோது
யாரும் பேசவில்லை.
ஏசி மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது வாளிக்குள்.
அழுகிற காட்சிக்கும் சண்டைக் காட்சிக்கும்
பிணமாகப் படுத்துக் கிடந்ததற்கும் ஒரே ரேட்டு.
"பிணத்துக்குக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்றான் உக்கிரபாண்டி.
பிணம் அவன்தான்.

ஏழு வாரம் கழித்து நிதி வந்தது.
ஊதியம் அப்படியே இருந்தது. பலகையும் அப்படியே.
பேருந்தை மட்டும் அடித்திருந்தார்கள்:
போக்குவரத்து கலைச் செலவு ஆகாது.
முகாமிலிருந்து அரங்கத்துக்கு முப்பது கிலோமீட்டர்.
பேருந்து இல்லையென்றால்
நாங்கள் நாற்காலிகளுக்குத்தான் நடிக்க வேண்டும்.

ரசீதில் கையெழுத்து வாங்கினேன்.
கவரைப் பிரித்தார்கள், எண்ணினார்கள்,
அப்படியே டிரைவர் குல் ஜமானின் கையில் வைத்தார்கள்.
ஒரு டீ ஆறுகிற நேரம்
சம்பளக்காரர்களாக இருந்தார்கள்.

தங்கமுனி கவரைப் பிரிக்கவே இல்லை.
சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.
"என்னோடது எனக்கு வேணும்."
ஊருக்கு அனுப்பவா என்று டிலுக்ஷி கேட்டாள்.
அதற்கும் இல்லையாம்.
குறைந்த முந்நூற்று நாற்பத்தைந்தை நான் போட்டேன்.
மனசாரப் போட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

நாடகம் நடந்தது.
தங்கமுனி ஒரு வசனத்தை மறந்து விழித்து நின்றான்;
அதுவும் நடிப்பென்று கைதட்டினார்கள்.
குல் ஜமான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்,
பேருந்துச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே.
செத்தவன் ஏன் எழுந்து கும்பிட்டான் என்று
திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.

இப்போது இறுதி அறிக்கை.
இந்நிதியால் ஏற்பட்ட மாற்றம் என்ன?
ஐந்நூறு எழுத்துக்குள்.
மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர்
பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு காத்திருக்கிறார்.

அந்தக் கவர் இன்னும் பிரிபடாமல்
தங்கமுனியின் தலையணை உறைக்குள் இருக்கிறது,
நஸ்ருதீன் நேற்றுச் சொன்னான்.
அதை எழுதினேன்.
அழித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.
எதிரே இருந்தவரிடம் அஞ்சு நிமிஷம் என்று சொல்லிவிட்டு
அதையும் அழித்துவிட்டு
கவரைப் பற்றி
முதலிலிருந்து அடிக்கத் தொடங்கினேன்.