ஆறு வாரச் சட்டை

நேராக நிற்கச் சொல்லி
ஊதா மார்க்கரால் என் மார்பில்
வட்டத்துக்குள் வட்டம் போட்டார் டாக்டர்.
டிவியில் புயலுக்குக் காட்டுகிற படம் மாதிரி.
"கண்ணாடில பாக்குறீங்களா?"
வேணாம் சார் என்றேன்.
முப்பத்து நாலு வயதில்
டியூப் லைட் வெளிச்சத்தில், சட்டையில்லாமல்
இன்னொரு ஆம்பளை எதிரில் நிற்பது
அதுதான் முதல் தடவை.

ஏழாம் வகுப்பில் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள்.
அதை இங்கே எழுதமாட்டேன்.

காசிமேட்டில் ஐஸ் கம்பெனி வேலை.
பாரைத் தோளில் ஏற்றினால் சட்டை நனையும்,
நனைந்தால் ஒட்டும்,
ஒட்டினால் தெரியும்.
அதனால் உள்ளே இரண்டு பனியன்,
சித்திரையிலும்.

எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்த மார்கழி
மச்சான் படகில் நாங்களும் அள்ளப் போனோம்.
எல்லோரும் வெறும் உடம்பில் இறங்கினார்கள்.
நான் முழுக்கைச் சட்டையோடு
பக்கெட் பக்கெட்டாக மொண்டு டிரம்மில் ஊற்றினேன்.
மொள்ள மொள்ள ஊறியது.
சட்டையைத் துவைக்க முடியாமல்
ரெஜினா கொளுத்திவிட்டாள்.

பீடியை விட்டுப் பதினைந்து நாள்.
தலைவலி மாத்திரை கூடாது, பூண்டு மாத்திரை கூடாது,
ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் பச்சைத் தண்ணி கூடாது.
அந்தத் தாளை ஏலச்சீட்டு நோட்டில் மடித்து வைத்திருந்தாள்,
சீட்டெடுத்த தொண்ணூறாயிரத்தோடு.
வீட்டுக்கு ஓடு மாற்ற வைத்திருந்த பணம்.
வேலையில் குடலிறக்கம் என்று சொல்லியிருந்தேன்.
"வெயிட்டு தூக்குற ஒடம்பு, வர்றதுதான்"
என்றார் மேஸ்திரி தேசப்பன்,
கையில் ஐந்நூறு ரூபாய் திணித்து.
அதை இன்னும் செலவழிக்கவில்லை.

பாதி மயக்கத்தில் மெஷின் உறிஞ்சுகிற சத்தம்.
தோலுக்கடியில் ஒரு குழாய்
போய்ப் போய் வந்தது.
வலி இல்லை; யாரோ என்னை
உள்ளிருந்து பெருக்குகிற மாதிரி.
முடிந்ததும் நர்ஸ் பாட்டிலைக் காட்டினாள்:
மஞ்சளாக, மேலே கொஞ்சம் ரத்தம்.
அறுநூற்றைம்பது மில்லி.
ஒரு பால் பாக்கெட்டும் சொச்சமும்.
இருபத்தியொரு வருஷம்
இவ்வளவைத்தானா ஒளித்துவைத்தேன்?

பிறகு அந்தச் சட்டை.
தோல் நிறம், பக்கவாட்டில் கொக்கி,
மூச்சை எண்ணி எண்ணித்தான் விடவேண்டும்.
ராவும் பகலும் ஆறு வாரம்.
முதல் ரெண்டு நாள் தையலிலிருந்து
ரோஸ் கலரில் தண்ணீர் கசிந்து
பாய், துண்டு, ரெஜினாவின் பழைய நைட்டி எல்லாம் நனைந்தது.
மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினேன்.
தோளுக்கு மேலே கை தூக்கக்கூடாது.
மெட்ரோ லாரி வந்தால்
குடங்களோடு அவள் மட்டும் ஓடினாள்.
"ஊட்டுக்காரரு எப்டிகீறாரு?"
"கொடலிறக்கம்க்கா, லேசுல ஆறாது."
என்னைவிட நன்றாகப் பொய் சொன்னாள்.

குளிக்க அவிழ்க்கும்போது
கத்தரிக்காய் நிறம்,
அடுத்த வாரம் புடலங்காய்,
அப்புறம் எலுமிச்சை.
"மார்க்கெட்டே வச்சினுகிற" என்று சிரித்தாள்.
மூன்றாம் வாரம் வீங்கிக் கெட்டியானது.
காசு கொடுத்து முன்னைவிடப் பெரிசாக்கிக்கொண்டேன் என்று
சமையல்கட்டில் நின்று அழுதேன்.
இறங்கும், மூணு மாசம் ஆகும் என்றார் டாக்டர் போனில்,
ஏதோ சாப்பிட்டுக்கொண்டே.

இறங்கியது.
வேலைக்குத் திரும்பிய அன்று
உடைத்த பாரை மார்போடு அணைத்தேன்.
தோலுக்கு ஜில்லிப்பே தெரியவில்லை.
மரத்திருக்கிறது. வருமாம், மெதுவாக.
யாரும் எதையும் கவனிக்கவில்லை.
அதற்குச் சந்தோஷப்பட வேண்டும்தான்.
ஒருமுறையாவது ஒருத்தன் பார்த்திருக்கலாம்.

நேற்று அந்தச் சட்டையைத் துவைத்து
மாடிக் கொடியில் போட்டேன்.
எதிர்வீட்டு லெனின், எட்டாவது படிக்கிறான்,
காற்றாடி எடுக்க வந்தவன்
காற்றாடியை விட்டுவிட்டு
கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.
"இது இன்னாண்ணா?"
குடலிறக்கத்துக்கு என்று சொல்ல
வாய் தயாராக இருந்தது.
அனல் அடிக்கிற மதியம்.
அவன் சட்டைக் காலருக்குள்
ஒரு பனியனின் விளிம்பு,
அதற்குள் இன்னொன்று.

காயட்டும், என்றேன்.
சாயந்திரம் வா.