மிகை ஒன்று

மூன்று முறை தள்ளிப்போன இருப்புச் சரிபார்ப்பு
ஐப்பசி அடைமழையில் வந்து வாய்த்தது.
சாலையில் மண் சரிந்து
தணிக்கையர் சுலைமானின் ஜீப்
பண்ணைக்காட்டிலேயே நின்றுவிட,
தாண்டிக்குடியில்
நானும் பதிவேடும் மட்டும்.
நாலு நாளாய் மின்சாரம் இல்லை.
முன்பு காப்பிக் கொட்டை மூட்டை அடுக்கிய கிடங்கு இது;
மழை பிடித்தால் இன்றும் சுவரில் அந்த வாசனை.

எண் ஒன்று: கருப்பு சிவப்புக் கிண்ணம், விளிம்பு உடைந்தது.
இருக்கிறது.
எண் இரண்டு: இரும்பு வாள், மூன்று துண்டு.
நான்காகியிருக்கிறது.
எண் ஒன்பது: நாற்கால் ஜாடி, ஒரு கால் இல்லை.
‘வரும்போதே நொண்டி’ என்று
யாரோ ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்,
பின்னால் வருகிறவள் பழியேற்காதிருக்க.
அந்த யாரோவுக்கு நன்றி.

எண் பதினேழு: சூதுபவள மணிகள்,
கற்திட்டை ஒன்றின் உள்ளிருந்து.
நாற்பத்திரண்டு.

தேநீர்த் தட்டில் கொட்டி எண்ணினேன்.
துளையில் மண் அடைத்திருந்த ஒன்றைக்
கை பழக்கத்தில் தூரிகையால் சுத்தம் செய்து
கூட்டத்தோடு போட்டேன்.
நாற்பத்து மூன்று.
பத்துப் பத்தாய்ப் பிரித்து எண்ணினேன்.
நாற்பது, அப்புறம் மூன்று.

படிவத்தில் குறைவுக்குக் கட்டம் உண்டு.
திருட்டு, கரையான், கைதவறல்
எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறியீடு.
கூடியதற்கு இல்லை.
இப்படியும் ஒருவர் வருவார் என்று
படிவம் அச்சிட்டவர்களுக்குத் தோன்றவில்லை.

டார்ச் வெளிச்சத்தில் தூரிகையைப் பார்க்கிறேன்.
செம்மண் துணுக்கு.
அதில் மயிரிழை போல ஒரு வேர்.

காப்பாட்சியர் எபனேசருக்கு சிக்னல் கிடைத்தது
மாடிப்படியின் நடுவில், ஒரு காலில் நின்றால்.
“இன்னொரு தரம் எண்ணும்மா.”
எண்ணிவிட்டேன் சார்.
“அப்போ ஒண்ண எடுத்து டிராயர்ல போட்டுடு.
கணக்கு நேராயிடும்.”
எதை சார்?
மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும்.

எதை?
மழையே அறியாத ஒரு நாட்டில் வெட்டி,
வெயிலில் காயவைத்து, சாம்பலில் புதைத்துச் சுட்டு,
மேலும் சுட்டுச் சிவப்பேற்றிய கற்கள்.
பாலை கடந்து, கைமாறிக் கைமாறி
இந்த மூடுபனிக்கு ஏறி வந்தவை.
எல்லாம் ஒரே கழுத்தில் கிடந்தவையா,
பதிவேடு சொல்லாது.
நாற்பத்து மூன்றையும் உள்ளங்கையில் குவித்தால்
ஒரு குருவியின் எடை.
எது புதிதாய் வந்தது என்று
இனி அவற்றுக்கே தெரியாது.

வருகையாளர் நோட்டைப் புரட்டினேன்.
போன வாரம் மொத்தம் மூன்று பதிவு.
மதுரை ஜோடி: ‘சூப்பர்’.
பள்ளிக்கூடம் ஒன்று: ‘கழிப்பறை வசதி தேவை’.
மூன்றாவதில் பெயர் இல்லை.
ஊர்: மூலைக்காடு எஸ்டேட்.
வேலிக்கால் நட்டது போன்ற எழுத்தில்
கருத்து:
‘மணி பெட்டி மூடி சரியா மூடலை.’

காப்பிக் கன்றுக்குக் குழி எடுத்தவராய் இருக்கலாம்.
வத்தலக்குண்டு நகைக்கடையில் நீட்டிக்
“கண்ணாடிப்பா இது” என்று கேட்டுத் திரும்பியிருக்கலாம்.
சட்டைப்பையில் பீடியோடு ஒரு மாதம் கிடந்திருக்கலாம்.
பயமோ, கனவோ, சும்மாவோ.
ஒன்று மட்டும் நிச்சயம்:
மூடி தளர்ந்திருப்பதைத்
தூக்கிப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

ஈரமானி தொண்ணூற்றொன்று காட்டுகிறது.
சிவப்பு மையில்
எழுத்தாலும் எண்ணாலும் எழுதினேன்:
நாற்பத்து மூன்று, 43.
குறிப்பு: வேர் ஒன்று, உறையில் இணைக்கப்பட்டுள்ளது.
சுலைமான் சார் கேள்வி கேட்பார். கேட்கட்டும்.

கடைசிப் பத்தியில் பழுதுகள்.
கூரை ஒழுகல், உடனடி.
ஜன்னல் கொக்கி, உடனடி.
மணிப்பெட்டி மூடி என்ற இடத்தில் பேனா சற்று நின்று
எங்கள் துறைக்கு நன்றாக வரும் ஒரு வரியை எழுதியது:

நிதி வந்தபின் பார்க்கலாம்.