நாற்பத்தாறு

சுங்கை சிப்புட் தாண்டி உள்ளே பதினோரு கிலோமீட்டர்.
மழை.
என் விவாவுக்கு ஒரு வைப்பர்தான் வேலை செய்கிறது,
அதுவும் பக்கத்து இருக்கைக்கு.

மில் போனில் ஏகாம்பரம் அண்ணன்
துண்டு துண்டாக வந்திருந்தார்:
பிரஷ... ஏறு... தங்க... கேக்கு...

எடைமேடை ஆபீஸ் அலமாரியைத் திறந்தேன்.
சுவிட்சின் முதுகில் மூன்று பல்லி முட்டை.
இருபத்துநாலு பச்சை விளக்குகளும்
கண்ணாடி உடைத்த பிள்ளைகள் மாதிரி
ஒன்றும் தெரியாமல் சிமிட்டின.

இதற்குள் எட்டு வரிசை உண்டு.
வரும் பொட்டலம் ஒவ்வொன்றும்
நெற்றியில் ஓர் எண்ணோடு வரும்.
நாற்பத்தாறு என்றால் குரல்: நிற்காதே, போ.
பூஜ்யம் என்றால், முடிந்தால் பார்க்கலாம்.
தலையெழுத்து என்போமே, அதேதான்.
இதை அழித்து எழுதலாம், அவ்வளவே வித்தியாசம்.

ஒட்டுக்கேட்டேன்.
எல்லாம் நாற்பத்தாறு.
பங்களாவில் ஓடும் காற்பந்து நாற்பத்தாறு.
காலிச் சாலையை இரவெல்லாம் படம்பிடிக்கும்
கேட் கேமரா நாற்பத்தாறு.
ஆபீஸ் கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதும்.
எனக்கு முன்னால் வந்த ஈப்போ கம்பெனிக்காரனிடம்
எல்லாமே முக்கியம் என்றார்களாம்.
அவனும் ஊரையே முதல் பந்தியில் உட்காரவைத்துவிட்டு
டோல் தாண்டிப் போய்விட்டான்.
இலை எட்டு. ஆள் எண்ணூறு.
அண்ணனின் குரல் வாசலிலேயே நசுங்கியது.

குரலுக்குச் சின்ன வயிறு.
இருபது மில்லிநொடிக்கு ஒரு கவளம், போதும்.
காத்திருக்க மட்டும் தெரியாது.
நேரம் தப்பி வந்த சொல்
சொல்லே இல்லை.
காற்பந்து அப்படியா?
பத்து நொடிக்கானதை முன்பே கட்டி
மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காரும்.

யார் போட்டுவந்த எண்ணையும் நம்பாதே என்று
ஒவ்வொரு துளைக்கும் சொன்னேன்.
நானே எழுதினேன்.
குரல் முன்னால். அதற்கும் ஒரு கூரை வைத்தேன்,
முந்துகிறவன் கைக்கு அளவில்லையென்றால்
பிந்துகிறவனுக்கு வெறும் சட்டிதான்.
பிறகு கொதிகலன் அழுத்தம்.
பிறகு எடைமேடை: வெளியே பதினாறு லாரி,
செம்பனைக் குலைகள் நனைந்து நிற்கின்றன,
அடிபட்ட பழம் நாளை வரை பொறுக்காது.
பிறகு கேமரா.

கடைசி வரிசைக்கு வந்தபோது
உதவி மேனேஜர் ரஸ்லான் எட்டிப் பார்த்தார்.
"லயத்து வைஃபையா? மிச்சம் இருந்தா குடுங்க."

மிச்சம்.

கண்டிப்பான முன்னுரிமை என்று ஒரு முறை இருக்கிறது.
மேல் வரிசை தீரும்வரை
கீழ் வரிசையின் கதவு திறக்காது.
இந்த மில்லில் மேல் வரிசை
ஹரிராயா அன்றும் தீராது.

குரலை மட்டும் அப்படி விட்டுவிட்டு
மற்றதைச் சுற்று முறைக்கு மாற்றினேன்.
எட்டு, நாலு, இரண்டு, ஒன்று.
பதினாலு கரண்டி மேலே விழுந்தால்
ஒரு கரண்டி கட்டாயம் கீழே.
ஒன்று சின்ன எண்தான்.
பூஜ்யம் இல்லை.
பங்களாவின் காற்பந்தையும் அங்கேயே அனுப்பினேன்.
ரஸ்லானிடம் சொல்லவில்லை.

பத்து நாற்பதுக்கு மில் போன் அடித்தது.
"பிரஷர் எறங்கிருச்சி தங்கச்சி. டீ இருக்கு, வந்து குடிச்சிட்டுப் போ."
முழு வாக்கியம், முற்றுப்புள்ளியோடு.

காருக்கு நடக்கையில் லயத்துப் படியில்
திலக் பகதூர் போனை மழைக்கு மறைத்துப் பிடித்திருந்தான்.
மகள் கட்டம் கட்டமாக வந்தாள்.
முதலில் ரிப்பன். நெற்றி.
அசையாத வாய்.
நெடுநேரம் கழித்து, அசைந்த வாய்.
அவன் சிரித்தான்.
இரண்டாகப் போட்டிருக்கலாம்.

மறுநாள் பில்லைக் கொடுத்தேன், அறுநூற்றைம்பது வெள்ளி.
கிராணி கலைமதி வாங்கி
கட்டின் அடியில் செருகினாள்.
"தொண்ணூறு நாளாகும்க்கா. எல்லாரும் வரிசையிலதான் இருக்காங்க."

கட்டின் மேலே இருந்தது
ஈப்போ கம்பெனியின் பில்.