நிகர எடை

செட்டிச்சாவடி பிரிவில் என் எடைமேடை.
நாற்பது டன் தாங்கும்.
பகலில் வெள்ளைக்கல் லாரி, இருட்டினால் ஜவ்வரிசி,
ஒரே ஒருமுறை கோயில் யானை.

மலையேறும் பந்தயத்துக்கு முந்தின ராத்திரி
பதினொன்றரை மணிக்கு மூன்று பேர் வந்தார்கள்,
கயிறு கட்டி இழுத்த ஒன்றோடு.
அதைக் கார் என்று அவர்கள்தான் சொன்னார்கள்.
ஆட்டோவின் தகரம், மாருதியின் இன்ஜின்.
மூக்கில் மட்டும் யாரோ ஆசைப்பட்டிருந்தார்கள்:
ரத்தச் சிவப்பு, முகம் தெரியும் பளபளப்பு,
மூச்சுக்கு இரண்டு ஓட்டை.

"சுறா மூக்குங்க அக்கா."
மாதேசன் செல்போனை நீட்டினான்.
அறுபத்தொன்றாம் வருஷத்து ஃபெராரி.
மனுஷன் செய்த பந்தயக் காரிலேயே
இதைவிட அழகு கிடையாதாம்.
ரபீக் ஒப்பவில்லை. அவனுக்கு லோட்டஸ்.
பச்சை, சுருட்டு மாதிரி ஒல்லி,
ஓட்டுகிறவர் படுத்துக்கொண்டே ஓட்டுவாராம்.
எங்கள் லாரிக்காரர்களும்தான் என்றேன்.
சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி
ஒரு ஆணியைக் காட்டினான்.

"சரி, அந்தச் சுறா இப்ப எங்கே இருக்கு?"
"ஒண்ணுகூட மிச்சமில்லைங்க. கம்பெனியே உடைச்சு
பழைய இரும்புக்குப் போட்டுட்டான்."
"கிலோ என்ன விலைக்கு?"
இழவு வீட்டில் பாயசம் கேட்டவளைப் போல
என்னைப் பார்த்தார்கள்.

மேடையில் ஏற்றினார்கள்.
என் இயந்திரம் ஐந்து ஐந்தாகத்தான் எண்ணும்.
ஐந்நூற்றுப் பத்து.
ஐந்நூறுக்கு மேல் போனால் காலையில் விடமாட்டார்கள்.
கண்ணாடியைக் கழற்றினார்கள். ஸ்டெப்னி ஏற்கெனவே இல்லை.
பெட்ரோலை என் குடத்தில் பிடித்தார்கள்.
ஐந்நூற்று ஐந்து.
சிவப்பு எண் அசையவில்லை.

அதுவரை பேசாதவள் பெனடிக்டா,
நாகலூர் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறவள்,
டயர் மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றவள், சொன்னாள்:
"ஜெர்மன்காரங்களுக்கும் இப்படி ஆச்சாம்.
ஒரு கிலோ அதிகம்.
ராத்திரியோட ராத்திரியா பெயின்டைச் சுரண்டினாங்க.
விடிஞ்சா கார் வெள்ளியா நிக்குது.
எனக்கு அதுதான் அழகு.
கதையாக்கூட இருக்கலாம்."
பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டுச் சுத்தியலை எடுத்தாள்.

"மூக்கை மட்டும் வேணாம்" என்றான் மாதேசன்.
இரண்டு மாசம் பட்டி வைத்துத் தேய்த்தது அவன்.
மூக்கில்தான் எடை இருந்தது.
முதல் அடியில் சிவப்பு விரிந்தது.
இரண்டாவதில் உள்ளிருந்த வெண்மை
கட்டி கட்டியாக விழுந்தது,
எங்கள் சுரங்கத்துக் கல்லைப் போலவே.
அடியில் தெரிந்தது பதினைந்து கிலோ டின் தகரம்.
தலைகீழாக ஓர் எழுத்து வரிசை:
"சுத்தமான கடலை எண்".

மாதேசன் சாலையைப் பார்த்து நின்றான்.
எண் ஒருமுறை துடித்து இறங்கியது.
ஐந்நூறு.

காருக்கு என்னிடம் ரேட் இல்லை.
மாட்டுவண்டிக்கு உள்ளதைப் போட்டேன்.
குடத்துப் பெட்ரோல் திரும்பியதும்
கீழே இறக்க அவள் ஏறி உட்கார்ந்தாள்.
பழக்கத்தில் என் விரல் பொத்தானை அழுத்திவிட்டது.
சீட்டு நீண்டு வந்தது:
மொத்தம் ஐந்நூற்று அறுபது. காலி ஐந்நூறு.
நிகரம் அறுபது.
பொருள் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.
என்ன எழுதுவதென்று பேனாவைப் பிடித்திருந்தேன்.
அவள் அப்படியே வாங்கி மடித்துக்கொண்டாள்.

காலை ஆறே முக்கால்.
அடிவாரத்திலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது.
அழகான சத்தம் இல்லை. தகரம் கிழிகிற சத்தம்.
கொண்டை ஊசி வளைவில் அடங்கும்,
பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு எழும்.
வாசல்தெளித்த வாளியோடு நின்று எண்ணினேன்.
நான்கு. ஐந்து.
ஏழில் கொஞ்சம் அதிக நேரம் அடங்கியது.
என் கையில் வாளி அசையவில்லை.
எழுந்தது.
எட்டு.

அப்போது பார்த்து வெள்ளைக்கல் லாரி ஒன்று
மேடையில் ஏறி ஹாரன் அடித்தது.
எண்ணிக்கை போய்விட்டது.
டிரைவர் தலையை நீட்டி மலையைப் பார்த்தார்.
"என்னங்க அது, அந்த ஏத்தத்துல
இந்த வேகத்துல போறது?"

கடலை எண்ணெய் என்றேன்.